பிறர் தலையில் எழுதிய கணக்கு

கோவைப் பக்கம் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். புதிதாகப் பட்டறை போட்டிருந்த இளைஞன் ஒருவன், சரக்கு வாங்கிய பார்ட்டி எட்டு மாதமாகப் பணம் தரவில்லை என்று சொல்லி வருத்தப்பட்டான். வார்ப்படத் தொழிலில் முப்பது வருடம் பழம் தின்று கொட்டை போட்ட பெரியவர் ஒருவர் அவன் தோளில் கைபோட்டுச் சொன்னார்: “தம்பி, நேர்மைய ஊட்டுல வெச்சுட்டு வந்துரோணும். உனக்குப் பொருள் குடுக்கறவனுக்கு நீயும் எட்டு மாசம் இழு. தொழில்னா அப்படி இப்படித்தான் இருக்கும்.” சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஆடின.

அந்தத் தலையாட்டல் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். கோயிலில் அன்னதானம் போடுபவர்கள்; தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்கள்; வீட்டில் பொய் சொன்ன குழந்தையைக் கூப்பிட்டுக் கண்டிப்பவர்கள். கல்லாவில் உட்கார்ந்ததும் அவர்களுக்கு வேறொரு நியாயம் வந்துவிடுகிறது. திருடன் பேசும் நியாயத்தை ஒதுக்கிவிட்டுப் போகலாம். நல்லவர்கள் மனதார நம்பிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் நியாயத்தை அப்படி விட்டுவிட முடியாது.

அவர்கள் தரப்பை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போட்டி கழுத்தை நெரிக்கிறது. எல்லா விதியையும் மதித்தால் அடக்க விலையே கட்டாது. பக்கத்துக் கடைக்காரர் செய்வதை நான் மட்டும் செய்யாவிட்டால் மூடப்போவது என் கடை. நான் செய்வது சின்ன விஷயம், அதனால் யாரும் செத்துவிடப் போவதில்லை. அதிகாரியே கை நீட்டுகிறார், எனக்கு மட்டும் எதற்கு ஒழுக்கம்? கடைசியாக, வியாபாரம் தோன்றிய நாளிலிருந்து உலகம் இப்படித்தான். இந்த ஐந்து வாதங்களும் வெறும் சாக்கு அல்ல. ஐந்திலும் பட்ட அனுபவம் இருக்கிறது. ஆனாலும் ஐந்தும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. தந்திரத்தால் மிச்சமான பணம் யாருடையது என்று ஐந்தில் ஒன்றுகூடக் கேட்பதில்லை.

நல்ல இரும்பை வாங்கி, சேதாரம் இல்லாமல் கடைந்து, சொன்ன நாளில் கொடுத்து நாலு காசு பார்த்தால் அது லாபம். முன்பு இல்லாத ஒன்று உழைப்பாலும் அறிவாலும் உண்டாகியிருக்கிறது. எடையைக் குறைப்பதும், கொடுக்க வேண்டிய பணத்தை இழுப்பதும், கழிவை ஆற்றில் திறந்துவிடுவதும் எதையும் உண்டாக்குவதில்லை. இன்னொருவர் மடியில் இருந்ததை எடுத்து என் மடியில் கட்டிக்கொள்வதே அதில் நடக்கிறது. அந்த இன்னொருவர் அநேகமாக என்னைவிட எளியவராகத்தான் இருப்பார். பலமுள்ளவரிடம் இந்தத் தந்திரம் செல்லாது என்பது தந்திரம் செய்பவர் அத்தனை பேருக்கும் தெரியும். பெரிய ஸ்டீல் கம்பெனியிடம் எட்டு மாதக் கடன் சொல்லிப் பாருங்கள், சரக்கு வராது. லேத் பட்டறைக்காரரிடம் சொன்னால் வரும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் அப்பா கோவை கணபதியில் சிறிய பட்டறை வைத்திருந்தார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மூன்று ஆட்கள். பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. ஒரு வருடம் அந்தக் கம்பெனி தொடர்ந்து ஏழு மாதம் பணம் தரவில்லை. போய்க் கேட்டால் ஒருநாள் ‘பில் இன்னும் பாஸ் ஆகலை’, இன்னொரு நாள் ‘முதலாளி வெளியூர்’, மறுவாரம் ‘செக் ரெடி, கையெழுத்து மட்டும் பாக்கி’. அந்த ஏழு மாதமும் எங்கள் ஷாஃப்ட் போட்ட பம்புகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. கம்பெனி வளாகத்தில் புதிய கட்டடம் ஒன்றும் எழும்பியது.

எங்கள் பட்டறையில் சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். ஆட்களிடம் பில் பாஸ் ஆகவில்லை என்று அப்பா சொல்லவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது; பிறகு வளையல்களும் போயின. நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டி. அந்தக் கம்பெனியின் கணக்கில் எங்கள் பணம் வட்டியில்லாத கடன். உண்மையில் வட்டி இல்லாமல் போகவில்லை, மாதாமாதம் கட்டப்பட்டது. கட்டியது என் அம்மா. கம்பெனி முதலாளி அம்மாவைப் பார்த்ததில்லை, அவர் கழுத்தில் கை வைத்ததாக ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார். ‘பேமென்ட் கொஞ்சம் தள்ளிப் போகிறது’ என்றுதான் நினைத்திருப்பார்.

இது ஒரு வீட்டுக் கதையாக மட்டும் இருந்திருந்தால் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டி வந்திருக்காது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் பேசிய கெடுவுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. எதுவும் பேசியிருக்காவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இத்தனை கடுமையாக எழுதியும் சட்டம் பல காலம் ஏட்டிலேயே கிடந்தது. வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் சிறுதொழில்காரரின் வாயைக் கட்டியிருந்தது. பிறகு 2023 நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கெடு தாண்டிப் பணம் தந்தால், எந்த ஆண்டில் தருகிறாரோ அந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டலாம். 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அப்போது தொழில் வட்டாரத்தில் எழுந்த பேச்சைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். பாக்கியை எப்படித் தீர்ப்பது என்ற யோசனையோடு, சிறுதொழில் பதிவு உள்ளவரை விட்டுவிட்டுப் பதிவு இல்லாதவரிடம் வாங்கலாமா என்ற யோசனையும் ஓடியது. தர முடியாமல்தான் தாமதம் என்று இத்தனை நாள் சொல்லிவந்த வாதம் அங்கே நிற்கவில்லை. கையில் பணம் இல்லாதவர் அவகாசம் கேட்பார். கடன் கொடுத்தவரின் பாதுகாப்பையே கழற்றப் பார்க்க மாட்டார்.

தாமதத்தோடு போனால் பரவாயில்லை என்று சொல்லும் நிலையில்தான் திருப்பூரில் பவர் டேபிள் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்கள் இருக்கிறார்கள். தைத்துக் கொடுத்த சரக்கு கப்பலேறிய பிறகு, தையலில் குறை என்று ஒரு டெபிட் நோட் வரும். குறையுள்ள துணியைக் கண்ணில் காட்டுவதில்லை. தொகை மட்டும் கழிந்திருக்கும். கல்யாண வீட்டுப் பெரியவர் சொன்ன யோசனையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ‘உனக்கு இழுத்தால் நீ அடுத்தவனுக்கு இழு.’ அந்த அடுத்தவர் அவருக்கு அடுத்தவருக்கு இழுப்பார். இந்தச் சங்கிலி எங்கேயோ ஓரிடத்தில் நிற்க வேண்டும் அல்லவா? யாருக்கும் இழுக்க முடியாத ஆளிடம் போய் நிற்கிறது. சனிக்கிழமைக் கூலியை நம்பி மளிகைக் கடையில் பற்று எழுதி வைத்திருக்கும் பெண்ணிடம் போய் நிற்கிறது.

‘விதியை மதித்தால் தொழில் செத்துவிடும்’ என்ற முதல் வாதத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இந்த வாதம் மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட இடம் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். நிறையத் தண்ணீர் வேண்டும். சாயம் ஏறிய பிறகு அந்த உப்பு முழுவதும் கழிவு நீரில்தான் இருக்கும். பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக, அந்த நீர் ஆற்றில் இறங்கியது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 1992-இல் அணை திறந்தார்கள். சில ஆண்டுகளில் அது சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. அணை கேட்டு வாங்கிய விவசாயிகளே, இந்தத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வேண்டாம் என்று மனு கொடுக்கும் நிலை வந்தது. கிணறு உப்பானது, தென்னை காய்ந்தது, மாடு குடிக்கத் தண்ணீர் விலைக்கு வந்தது.

சாயப்பட்டறைக்காரர்கள் அன்று சொன்னது, இன்று கல்யாண வீட்டில் கேட்டதேதான். சுத்திகரிப்புச் செலவைத் தாங்க முடியாது. வெளிநாட்டு ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். லட்சக்கணக்கானவர்களின் வேலை போகும். அடக்க விலை கட்டாது என்று அவர்கள் சொன்னபோது, அந்தச் செலவு ஏற்கனவே கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதைக் கட்டியவர்கள் கீழ்க்கரை விவசாயிகள். 1996-இல் வேலூர்ப் பகுதித் தோல் கழிவு வழக்கில், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கின் வழியாக அமைந்த சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் கரையிலும் கணக்குப் பார்த்தது. 28,000-க்கு மேற்பட்ட விவசாயிகள், சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு. மலடான மண்ணுக்கு இது சிறு தொகை. ஆனாலும், ‘மிச்சம்’ என்று திருப்பூரில் எழுதப்பட்டது யார் வயலில் செலவாக எழுதப்பட்டிருந்தது என்பதை அரசு ஏடே சொல்லிவிட்டது.

விவசாயிகள் விடவில்லை. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத நிலைக்கு வர வேண்டும் என்று கெடு விதித்தது. அதுவரை வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி அபராதம் போட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அதுவும் கடந்தது. 2011 ஜனவரி 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. திருப்பூர் முடிந்தது என்று அன்று பேசாதவர் இல்லை.

திருப்பூர் முடியவில்லை. கழிவு நீரைச் சவ்வு வழியே வடிகட்டி, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் தனித்தனியே மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்தும் முறையை ஊர் கற்றுக்கொண்டது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மூடிய காலத்தில் 12,000 கோடி ரூபாயைச் சுற்றியிருந்த பின்னலாடை ஏற்றுமதி, 2018-19-இல் சுமார் 26,000 கோடி; 2022-23-இல் 34,000 கோடியைத் தாண்டியது. விலைவாசி ஏற்றத்தையும் டாலர் மதிப்பையும் கழித்துப் பார்த்தாலும், செத்துப்போன தொழிலின் கணக்கு இப்படி இருக்காது. இன்று அந்த ஊர் வெளிநாட்டு வாங்குபவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தகுதியே இந்தச் சுத்திகரிப்புதான்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. முதல் போட முடியாத சிறு பட்டறைகள் பல திரும்பத் திறக்கவே இல்லை. திருட்டுத்தனமாகக் கழிவு விடுபவர்கள் இன்னும் பிடிபடுகிறார்கள். வேறு ஆற்றங்கரைக்குச் சாயத்தைக் கொண்டுபோனவர்களும் உண்டு. அந்தச் சிறு பட்டறைகள் மூடியதற்கு நேர்மைதான் காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். சுத்திகரிப்புக்கு ஆகும் செலவைச் சட்டையின் விலையில் சேர்த்துத் தர வெளிநாட்டு வாங்குபவர் மறுத்தார். அரசு இருபது ஆண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்து ஒரே நாளில் திறந்தது. முதல் நாளிலிருந்தே விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்திருந்தால், கெட்ட பிறகு திருத்தும் செலவு சிறியவர் தலையில் ஒரே அடியாக இறங்கியிருக்காது.

அதே சட்டையின் விலை இன்னொரு பக்கத்திலும் கசிந்தது. மூன்றாண்டு நூற்பாலையில் வேலை, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லிக் கிராமத்துப் பெண் பிள்ளைகளை விடுதியில் வைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ மேற்கு மாவட்டங்களில் பரவலாக இருந்தது. மாதாமாதம் கையில் வர வேண்டிய கூலியின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதையே பரிசு போலக் கடைசியில் கொடுக்கும் ஏற்பாடு அது. உடம்பு முடியாமல் இரண்டரை ஆண்டில் வீடு திரும்பிய பெண்ணுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதுண்டு. மங்கலமான பெயர் வைத்ததால் பிடித்து வைத்த கூலி நன்கொடை ஆகிவிடாது.

‘சின்ன விஷயம்’ என்ற வாதத்தைப் பார்ப்போம். தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளி, அடி நசுங்கிய படி, பூக்காரரின் குறுகிய முழம் என்று நம் சந்தைகளின் சின்னத் தந்திரங்களை எல்லாருக்கும் தெரியும். கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவது அரைக் கிலோ தக்காளி வாங்குபவருக்குப் பெரிதாகத் தெரியாது. அந்தக் கடையில் தினமும் வாங்கும் குடும்பத்துக்கு இருபது கிலோவில் ஒரு கிலோ போகிறது. காய்கறி வியாபாரம் எடையில் கை வைக்காமல் கட்டாது என்பவர்கள் உழவர் சந்தைக்குப் போய்ப் பார்க்கலாம். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தது. தராசை நிர்வாகமே கொடுக்கிறது. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கிறது. கால் நூற்றாண்டாக அங்கே விவசாயியும் விற்கிறார், வீட்டுக்காரரும் வாங்குகிறார். இருவருமே சரியான எடையால் நொடித்துப் போகவில்லை.

சின்னது சின்னதாகவே நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம், இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிவந்ததை ஒப்புக்கொண்டது. ஓரமாக இருந்த சிறு வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து கட்டுக்கு அடங்காமல் போனது என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். சுமார் 7,000 கோடி ரூபாய் மோசடி அது. சத்யம் பங்குகளில் சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் இழந்தார்கள். முதல் காலாண்டில் அந்த வித்தியாசத்தை எழுதிய கையும் ‘இது சின்ன விஷயம்’ என்றுதான் நினைத்திருக்கும்.

‘யாரும் செத்துவிடப் போவதில்லை’ என்பவர்களுக்கு, 2025 அக்டோபரை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தில், 48 விழுக்காட்டுக்கு மேல் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருப்பதைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழந்தது. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மருந்துக்கான கரைப்பானில் இந்த நச்சு கலந்திருக்கிறதா என்று பார்ப்பது புதுமையான அறிவியல் அல்ல. தயாரிப்புக்கு முன் செய்தே தீர வேண்டிய சோதனை. அதைத் தாண்டி மருந்து புட்டிக்குள் போனது. புட்டி ஒரு தாயின் கைக்குப் போனது. பாலில் கலக்கும் நீருக்கும் இதற்கும் வெகு தூரம் என்று சொல்வார்கள். அளவில் தூரம்தான். ‘வாங்குபவருக்குத் தெரியவா போகிறது’ என்ற நினைப்பு இரண்டிலும் ஒன்றே.

இனி, ‘எல்லாரும் செய்கிறார்கள்.’ முதலில், இது உண்மை இல்லை. எல்லாரும் எடையில் ஏமாற்றியிருந்தால் தராசு என்ற பொருளை நம்பி யாரும் கடைக்கே வந்திருக்க மாட்டார்கள். ஏமாற்றுபவர் பிழைப்பதே, பெரும்பாலோர் ஏமாற்றுவதில்லை என்ற ஊர் நம்பிக்கையின் மேல்தான். பத்துக் கடைக்காரர்கள் சேர்த்து வைத்த நம்பிக்கையைப் பதினோராவது கடைக்காரர் செலவழிக்கிறார். வாடிக்கையாளருக்கு முன்பாகவே அவர் கொள்ளையடிப்பது அந்தப் பத்துச் சக வியாபாரிகளை. பில் போட்டு வரி கட்டி விற்கும் கடைக்காரர், ‘பில் வேண்டாம்னா பதினெட்டு விழுக்காடு குறையுமுங்க’ என்று சொல்லும் எதிர்க்கடையோடு எப்படிப் போட்டியிட முடியும்? கள்ளத்தனம்தான் தொழிலைக் காப்பாற்றுகிறது என்கிறார்கள். கள்ளத்தனம் கொல்வது நேர்மையான தொழிலை. காப்பாற்றுவது தன்னைப் போன்ற கள்ளத்தனத்தை.

‘காலங்காலமாக இப்படித்தான்’ என்பதும் அரைகுறை வரலாறு. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை அங்குள்ள வணிகர்களைப் புகழும்போது, அவர்கள் செல்வத்தைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை; வாங்குவதிலும் கொடுப்பதிலும் அளவு தவறாத அவர்களின் நடுவுநிலையைப் புகழ்கிறது. திருக்குறள் நடுவுநிலைமை அதிகாரத்திலேயே வணிகத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. அன்றும் ஏமாற்றியவர்கள் இருந்திருப்பார்கள். இல்லாவிட்டால் நேர்மையைப் பாராட்ட வேண்டிய தேவை எழுந்திருக்காது. ஏமாற்றுவதும் பழையது, அதைக் குற்றம் என்று சொன்ன குரலும் பழையது. இரண்டில் எதை நம் மரபு என்று எடுத்துக்கொள்வது என்பது நம் கையில் இருக்கிறது. இன்றும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கச் சட்டம் சொல்கிறது. அந்த முத்திரை அரசாங்கத்துக்கும் கடைக்காரருக்கும் நடுவே உள்ள சமாசாரம் என்று நினைக்கிறோம். அது வாங்குபவரின் கண்ணுக்காகக் குத்தப்படுவது.

‘அதிகாரியே கை நீட்டுகிறார்’ என்பது ஐந்தில் வலுவான வாதம். லைசென்ஸுக்கும் மின் இணைப்புக்கும் மேசை மேசையாக அலைந்தவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு லஞ்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்கு உரியதைக் கொடுக்கக் கேட்கப்படும் பணம் ஒன்று. அதில் நான் அகப்பட்டவன். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் லஞ்சம் கொடுப்பவரையும் குற்றவாளி ஆக்கினாலும், கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்குத் தருகிறது. எனக்கு உரிமையில்லாததை வாங்க நானே தேடிப்போய்க் கொடுக்கும் பணம் இன்னொன்று: கழிவுக் குழாயைப் பார்க்காமல் போக, முத்திரையில்லாத தராசைக் கண்டுகொள்ளாமல் இருக்க. முதல் லஞ்சத்தின் வலியைச் சொல்லி இரண்டாவதை நியாயப்படுத்துகிறார்கள். கை நீட்டும் அதிகாரியை வளர்த்துவிடுவது இந்த இரண்டாவது பணம்தான். அவர் அந்த ருசியோடுதான் நேர்மையாளரின் கடைக்கும் வருகிறார்.

வாங்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்த பில்லைப் பேசாமல் மடித்துப் பையில் வைக்கிறோம். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில் தராததும் முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. பில்லில் கெடு போட்டிருக்காவிட்டால் முப்பது நாள் வரை திருப்பிக் கொடுக்கலாம். கைபேசியில் ஆர்டர் போடும்போது நாம் கேட்காத கட்டணம் கடைசித் திரையில் வந்து ஒட்டிக்கொள்கிறதே, அதுபோன்ற 13 ஏமாற்று வடிவங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. பில் கேட்பது கஞ்சத்தனம் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. நாம் கேட்கும் ஒவ்வொரு பில்லும், பில் போடும் கடைக்காரருக்கு நாம் கொடுக்கும் துணை.

அந்தக் கல்யாண வீட்டில் நான் பேசாமல் இருந்துவிட்டேன். பெரியவரின் வயது தடுத்தது. அந்த இளைஞனிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன். தம்பி, உனக்கு வர வேண்டிய பணத்தை விடாதே. 45 நாள் உன் உரிமை. சட்டம் உன் பக்கம் இருக்கிறது. உன்னைப் போன்ற பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கேள், தனியாகக் கேட்டால்தான் ஆர்டர் போகும். உனக்கு நடந்த அநியாயத்தைப் பழக்கம் என்று ஏற்றுக்கொள்ளாதே. அதை உனக்குக் கீழே இருப்பவர்மேல் இறக்கிவைத்துவிட்டால், உன்னிடம் எட்டு மாதம் இழுத்தவரைக் கேள்வி கேட்கும் தகுதியை நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். ஒவ்வொரு சமர்த்தான யோசனை வரும்போதும் ஒன்றை மட்டும் கேட்டுப் பார்: இதில் மிச்சமாகும் பணம் யார் வீட்டிலிருந்து வருகிறது? பதில் சொல்ல ஒரு முகம் தெரிந்தால், அந்த யோசனையை விட்டுவிடு.

முடியுமா என்று கேட்பாய். அப்பாவின் சம்பள நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நீல மையில் வாரம் வாரமாகத் தேதி, மூன்று பெயர், மூன்று தொகை, மூன்று கையெழுத்து. கம்பெனி ஏழு மாதம் இழுத்த அந்த வருடத்தின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமைகூட விட்டுப் போகவில்லை. அந்தப் பட்டறை அதற்குப் பிறகும் பதினாறு வருடம் ஓடியது.